டிஸ்க்கின் சத்தம் கேட்டவளுக்கு

இன்று காலை நம் வாசிப்பு மையத்தில் மின்சாரம் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிடம் கூவிவிட்டு ஓய்ந்தது. குளக்கரைப் பக்கத்திலிருந்து பூக்காரரின் குரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அரை மணி கழித்து மின்சாரம் திரும்பியதும் மற்றவர்கள் வழக்கம்போல் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார்கள். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பாடங்கள் இருக்கும் டிஸ்க்கை மற்ற வேலைகளிலிருந்து விலக்கிவிட்டு, எதையும் மாற்றாமல் சோதித்து மட்டும் பார்க்கச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது. உனக்குப் பிடித்த, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத, மூக்கால் பேசும் அந்த இயந்திரக் குரல். "க்ளீன்" என்றது, டிஸ்க்கில் பழுதில்லை என்ற பொருளில்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. வேலை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையால் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். "தாள்ல எழுதினா நான் எப்டிடி படிக்கிறது?" என்பாய். படிக்க நீ இல்லாததால்தான் தாளில் எழுதுகிறேன்.

நாம் எப்படிச் சந்தித்தோம் என்பதிலிருந்து தொடங்கலாமா? கல்லூரியில் நீ வரலாறு, நான் தமிழ். பிறவியிலேயே பார்வை இல்லாத மாணவி ஒருத்திக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். சாந்தோம் கோயிலில் பாடற்குழுப் பாட்டுகளை நகல் எடுத்து எடுத்து என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தப் பெருமையில் கை தூக்கினேன். முதல் தேர்விலேயே தப்புச் செய்தேன். நீ சொன்ன ஒரு விடையில் இரண்டு ஆட்சிகளின் வரிசை மாறியிருப்பதாக எனக்குத் தோன்றியது. உனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாற்றி எழுதினேன். கடைசிப் பத்து நிமிடத்தில் நீ, "முதல்லேர்ந்து படி" என்றாய். படித்தேன். அந்த இடம் வந்ததும் உன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நான் சொன்னத எழுது. நீ நெனச்சத எழுதாத."

அடித்துவிட்டு எழுதினேன். வெளியே வந்து புத்தகத்தைத் திறந்தால் நீ சொன்னதுதான் சரி. மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் குடு, விட்டுடுறேன்" என்றாய். அன்றிலிருந்து உனக்கு நான் டீச்சரு. நான் டீச்சர் ஆவதற்கு நான்கு வருடம் முன்னாலேயே நீ வைத்த பெயர் அது.

படிப்பு முடிந்ததும் தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் உனக்குத் தொலைபேசி இயக்குநர் வேலை கிடைத்தது. உன் வீட்டில் அதுவே பெரிய விஷயம். சிந்தாதிரிப்பேட்டையில் உன் அண்ணன் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். நீயோ ஆறே மாதத்தில் அலுத்துப்போனாய். யார் யாரைக் கேட்டாலும் இணைப்புக் கொடுப்பது, வணக்கம் சொல்வது, மறுபடி இணைப்புக் கொடுப்பது. பிறகு கிளைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்தன. பார்வையுள்ளவர்கள் எல்லோரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு படங்களைத் தட்டத் தொடங்கினார்கள். உனக்கு அங்கே இடமில்லை. அப்போதுதான் நாட்டில் எங்கெங்கோ இருந்த பார்வையற்றவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்று உனக்குக் கிடைத்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது, படமே இல்லாத, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே எல்லா வேலையும் செய்கிற முறை. திரையில் வருவதை ஒரு குரல் படித்துச் சொல்லும். நீ விசைப்பலகையில் பதில் சொல்வாய்.

ஒரு ஞாயிறன்று உன் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் காட்டினாய். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ரயில் வேகத்தில் பேசும் மூக்குக் குரல். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அந்தப் படம், பட்டன் எல்லாம் எங்கள வெளிய தள்ளிச்சுடி. இங்க படமே கெடையாது. எழுத்துதான் கீது. எழுத்துன்னா நீயும் நானும் ஒண்ணுதான்."

வங்கி வேலையை விடாமலே நீ அதில் மூழ்கினாய். மயிலாப்பூரில் இந்த மையத்தை ஆரம்பித்தபோது, பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்யும் வேலையில், வீட்டிலேயே படித்துப் பதிந்து தருபவர்களில் ஒருத்தியாக நானும் சேர்ந்தேன். நீ சனிக்கிழமைகளில் வந்து கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொண்டாய். அப்போதும் உன்னை யாரும் கம்ப்யூட்டர் ஆள் என்று நினைக்கவில்லை. வருகிறவர்கள் உன்னிடம், "உக்காரும்மா, உனக்கு எந்தப் புத்தகம் வேணும்?" என்று கேட்பார்கள். நீ பொறுமையாக, "எனக்குப் புத்தகம் வேணாம் சார், உங்க மெஷின்தான் வேணும்" என்பாய்.

ஒரு வேலையை மட்டும் நீ என்னிடம் கொடுத்தாய். வாரம் ஒரு முறை அந்த வாரத்துப் பதிவுகளை இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். எடுத்ததும் மேசையிலிருக்கும் நோட்டில் தேதி போட்டு ஒரு டிக் போட வேண்டும். அது இருபது நிமிட வேலை. முதலில் ஒழுங்காகச் செய்தேன். பிறகு பள்ளியில் விடைத்தாள், வீட்டில் அம்மாவின் உடல்நிலை என்று ஒரு வாரம் தவறியது. அந்த வாரமும் டிக் போட்டேன். அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் டிக் மட்டும் போட்டேன். "எடுத்துட்டியா டீச்சரு?" என்று நீ கேட்பாய். "எடுத்துட்டேன்" என்பேன்.

அந்த வருட மார்ச்சில் வெயில் முன்னதாகவே கொளுத்தியது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மின்சாரம் போய், வந்து, மறுபடி போய், மறுபடி வந்தது. அதன்பின் கம்ப்யூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது. மாணவர்களுக்குத் தேர்வு தொடங்கப் பதினொரு நாள் இருந்தது. அவர்களுக்கு அச்சுப் புத்தகத்தால் பயன் இல்லை. அந்தப் பருவத்துக்கான மொத்தப் பாடமும் அந்த டிஸ்க்கில் குரலாக இருந்தது.

மையத்தின் செயலாளர் ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தார். முப்பது வயதிருக்கும். வந்ததும் திரையைப் பார்த்தார். "ஃபைல் சிஸ்டம் எரர் மேடம். ஒரு கமாண்ட் கீது, டிஸ்க்கைச் சரி பண்ணிடும். நடுவுல கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் யெஸ்னு ஒரேடியா குடுத்துட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றார். செயலாளருக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி. அவர் விசைப்பலகையை இழுத்துக்கொண்ட நேரத்தில்தான் நீ வங்கியில் அனுமதி கேட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய்.

கம்பை மடிக்காமல் வாசலிலேயே நின்றாய். தலையை ஒரு பக்கம் சாய்த்தாய்.

"ஏசிய ஆஃப் பண்ணுங்க."

"எதுக்கு மேடம்?"

"ஃபேனையும்."

நான் இரண்டையும் நிறுத்தினேன். அறை அமைதியானதும் எனக்கும் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக், டிக். ஏதோ சுற்ற முயன்று நின்றுபோகிற சத்தம். நீ மேசை வரை வந்து, குனிந்து, பெட்டியில் காதை வைத்தாய்.

"தம்பி, யெஸ் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

"குடுக்காத. பவர ஆஃப் பண்ணு."

அவருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். அவர் தொழில் அது. "மேடம், உங்களால ஸ்க்ரீன்ல இன்னா வந்துகீதுன்னு பாக்கக்கூட முடியாது. எனக்கு டைம் இல்ல" என்றார்.

நீ குரலை உயர்த்தவில்லை. "ஸ்க்ரீன்ல இன்னா கீதுன்னு இவ படிப்பா. டீச்சரு, எழுத்து எழுத்தா படி" என்றாய். நான் படித்தேன். எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, சோதனையைக் கையால் ஓட்டு என்று இருந்தது. நீ தலையாட்டினாய்.

"உன் கமாண்ட் தப்பில்ல தம்பி. எந்த ஃபைலு எங்க கீதுன்னு எழுதி வெச்ச குறிப்பு கலைஞ்சிருந்தா அது சரி பண்ணும். ஆனா இங்க டிஸ்க்கே சாவுது. சத்தம் கேக்குதா? சரி பண்றேன்னு இதுல ஏதாச்சும் எழுதினா, இருக்கிறதும் போய்டும். முதல்ல இதுலேர்ந்து படிக்க மட்டும் தான் படிக்கணும். வேற டிஸ்க்ல முழுசா நகல் எடுத்துக்கினு, அந்த நகல்லதான் வைத்தியம்."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒரு பக்கம் பையில் கருவிகளோடு வந்த ஆள். இன்னொரு பக்கம் வங்கியில் போன் எடுக்கும், பார்வையில்லாத பெண். அவர் என்னிடம் திரும்பி, "உங்ககிட்ட பேக்கப் இருக்கில்ல? அப்புறம் என்ன கவலை? இவர் செய்யட்டும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் உன் முகத்தை என் பக்கம் திருப்பினாய்.

என் வாழ்க்கையில் அந்த நிமிடத்தைப்போல் ஒன்று இல்லை. நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. வரிசையாக டிக். உன்னால் பார்க்க முடியாத நோட்டில் நான் போட்ட பொய்கள்.

"இல்லை" என்றேன். "எடுக்கலை. டிக் மட்டும் போட்டேன்."

நீ கம்பை மடித்து மேசையில் வைத்தாய். பிறகு கேட்டாய்.

"எத்தினி மாசம்?"

"அஞ்சு."

"அதுக்கு முந்தினது கீதா?"

"இருக்கு."

"எடுத்துனு வா. தம்பி, நீ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இதைவிடப் பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கினு வா. சார், ஏசி வேணாம், டேபிள் ஃபேன் ஒண்ணு குடுங்க. டீச்சர அப்புறம் திட்டிக்கிறேன்."

சர்வீஸ்காரர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியருகே குனிந்து, அந்த டிக் சத்தத்தைத் தானும் ஒரு முறை கேட்டார். எழுந்து பவரை நிறுத்தினார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் புது டிஸ்க்கோடு திரும்பி வந்தார். அன்றும் அடுத்த நாட்களிலும் நம்மோடு இருந்தார். அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன். தனக்குத் தெரியாத ஒன்று இன்னொருவருக்குத் தெரியும் என்று அரை நிமிடத்தில் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்?

நீ உன் மடிக்கணினியில் இரண்டு டிஸ்க்கையும் இணைத்தாய். நகல் எடுக்கும் கட்டளை படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து அவற்றை மறுபடி மறுபடி முயன்றது. அன்று பகல் முழுக்க, மறுநாள் மதியம் வரை ஓடியது. டேபிள் ஃபேன் பழைய டிஸ்க்கின் மேல் காற்றடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நீ அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி உன் துப்பட்டாவில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினாய். "இத இனிமே யாரும் தொடக் கூடாது. நகல் கெட்டா இன்னொரு நகல் எடுத்துக்கலாம். இது ஒண்ணுதான் கீது" என்றாய்.

பிறகு நகலில் சோதனை. ஒன்றையும் மாற்றாதே, என்னென்ன கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல் என்று முதலில் கேட்டாய். தொடங்கும்போதே அது கைவிரித்தது. டிஸ்க் முழுவதற்குமான முதல் குறிப்பே அழிந்திருந்தது. நீ அசரவில்லை. "அந்தக் குறிப்புக்கு, இதச் செஞ்சவன் டிஸ்க்குக்குள்ளயே வேற எடத்துல நகல் வெச்சிருப்பான். வெச்சவன் உன்ன மாதிரி ஆள் இல்ல" என்று சொல்லி, முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு என்ற எண்ணை மனப்பாடமாகத் தட்டினாய். அந்த இடத்திலிருந்த குறிப்பு முழுசாக இருந்தது. சர்வீஸ்காரர் தொடையில் தட்டிக்கொண்டார்.

கேள்விகள் வரத் தொடங்கின. இது உடைந்திருக்கிறது, சரி செய்யவா? இதற்கு உரிமையாளர் யாருமில்லை, ஓரமாக வைக்கவா? நீ எனக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்தாய். ஒவ்வொரு கேள்வியையும் கடைசி எழுத்து வரை கேட்ட பிறகுதான் பதில் தட்டினாய். நாற்பது, ஐம்பது கேள்விகள் அப்படி. எல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றுக்கெல்லாம் ஒட்டுமொத்தமாக ஆம் சொன்னாய்.

"யெஸ் சொல்றது தப்பில்லடி. இன்னா கேட்டான்னு தெரியாம சொல்றதுதான் தப்பு."

பதிவுகள் பிழைத்துவிட்டன. ஆனால் பெயர்கள் பிழைக்கவில்லை. அப்படி வீடிழந்த கோப்புகளைப் போட்டு வைக்கவென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறதாம். அதில் நானூறுக்கு மேல் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதில் ஒரு எண். எது எந்தப் பாடம், எந்த அலகு, யார் படித்தது, ஒன்றும் தெரியாது. தேர்வுக்கு ஒன்பது நாள்.

"திறந்து திறந்துதான் பாக்கணும் மேடம். ரொம்ப நாளாகும்" என்றார் சர்வீஸ்காரர்.

"பாக்க வேணாம். கேட்டா போதும்" என்றாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் முழுதாக நம்புவதில்லை. நீ ஒரு கோப்பைத் திறப்பாய். ஐந்து வினாடி. "பொருளாதார மாமா. மூக்கடைச்சிக்கினு கீது, அப்ப மார்கழி. ரெண்டாவது யூனிட்டு." அடுத்தது. "பின்னாடி மிக்ஸி ஓடுது. அடையாறு அக்கா. அவுங்க சட்னி அரைக்கிறதுக்கு நடுவுலதான் அரசியல் அறிவியல் படிப்பாங்க." அடுத்தது. பின்னணியில் மெதுவாகக் கோயில் மணி. "இது நீ. உங்க சாந்தோம் மணி. இந்தா, இங்க இருமுவ பாரு." நான் இருமினேன், பதிவில். "வெட்டச் சொன்னேன். வெட்டல."

நான் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்லப் பெயர் கொடுத்தேன். நீ சொன்னதை மட்டும் எழுதினேன். மறுநாள் செய்தி கேட்டு மாணவர்களே நான்கு பேர் வந்தார்கள். பாடத்தைப் பாதி வரை ஏற்கெனவே கேட்டவர்கள் அவர்கள். "அக்கா, இது அதுக்கு அடுத்த பகுதி, இந்த வரியிலதான் ஆரம்பிக்கும்" என்று துல்லியமாகச் சொன்னார்கள். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவர்கள், நடுவில் கண் தெரிந்த நாங்கள் மூன்று பேர் ஓடி ஓடி எழுதிக்கொண்டிருந்தோம். செயலாளர் காபி வாங்கி வந்தார். அந்த அறையில் அன்று யாருக்கு யார் உதவி செய்தார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

நான்கு நாளில் முடித்தோம். ஏழு பதிவுகள் மட்டும் இரைச்சலாக இருந்தன, மீட்க முடியவில்லை. வாசிப்பவர்களுக்குப் போன் செய்தோம். பொருளாதார மாமா மாட வீதியிலிருந்து பேசினார். "கவலைப்படாதேங்கோ. ஆத்துல உக்காந்துண்டு ரெண்டே நாள்ல மறுபடியும் படிச்சுத் தந்துடறேன். இந்தத் தடவை மூக்கடைப்பு இல்லாம படிக்கறேன்" என்றார். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் ஒவ்வொரு மாணவர் கையிலும் முழுப் பாடமும் இருந்தது. எல்லோரும் தேர்வு எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருத்தி இன்று கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். உன் பாடம்.

பாடங்களைக் கொடுத்து முடித்த அன்று மாலை வெளியே வந்ததும் நீ என்னைத் திட்டினாய். சொன்னபடியே திட்டினாய். லஸ் பக்கம் ஒரு பழச்சாறு கடை வாசலில் நின்று, ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"மறந்துட்ட, வேல கீது, ஒடம்பு சரியில்ல, எல்லாம் சரி. அதுக்குக் கோவமே இல்ல. டிக் போட்ட பாரு, அதுக்குத்தான்டி கோவம். இவளுக்கு எங்க தெரியப் போவுதுன்னு போட்ட பாரு."

நான் அழுதேன். நீ அழ விட்டாய். நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு சாத்துக்குடி ஜூஸை என் பக்கம் தள்ளினாய். "இனிமே நகல் நீதான் எடுக்கிற. வேற யாரான்டயும் குடுக்க மாட்டேன். எடுத்ததும் அதுலேர்ந்து ஒண்ணத் திறந்து எனக்குப் போட்டுக் காட்டணும்." அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செயலாளரிடம்கூட அந்த ஐந்து மாதத்தைப் பற்றிப் பேச விடவில்லை. அதே வேலையை என்னிடமே விட்டாய். தண்டனையா, நம்பிக்கையா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

நீ போய் இரண்டு வருடமாகிறது. வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதே அது முற்றியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கையெழுத்துக்காகப் படிவம் கொண்டு வந்தார்கள். செவிலியர், "வழக்கமான ஃபார்ம்தாம்மா, இங்க ஒரு கைநாட்டு" என்றார். நீ படுத்தபடியே, "எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். டீச்சரு, முதல்லேர்ந்து படி" என்றாய். மூன்று பக்கம். படித்தேன். பிழைக்காமல் போகலாம் என்ற வரியையும் படித்தேன். அந்த வரியை மட்டும் விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றாமலில்லை. கல்லூரித் தேர்வறையில் என் மணிக்கட்டைப் பிடித்த கை கட்டிலின் மேல் இருந்தது. முழுக்கப் படித்தேன். "சரி, குடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உன் மடிக்கணினி எழும்பவில்லையாம். அதில் உன் குரல் ஏதாவது இருந்தால் அம்மாவுக்குக் கேட்க வேண்டுமாம். தெருவில் ஒருவர் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னாராம். "வேண்டாம் அண்ணா, யாரும் தொட வேண்டாம். நான் வர்றேன்" என்றேன். சிந்தாதிரிப்பேட்டைக்குப் பேருந்தில் போகும்போது ஒவ்வொரு படியாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உன்னோடு உட்கார்ந்து எத்தனையோ முறை செய்திருக்கிறேன். தனியாகச் செய்தது இல்லை.

உன் அறையில் உட்கார்ந்தேன். முதலில் சத்தம் கேட்டேன். டிஸ்க் நன்றாகச் சுற்றியது. சாகவில்லை. நகல் எடுத்தேன். பிறகு நகலில், ஒன்றும் மாற்றாமல் ஒரு சோதனை. பிறகு கேள்விகள். குரலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். மாலைக்குள் உன் கோப்புகள் எல்லாம் அதனதன் பெயரோடு வந்து நின்றன. நீ மின்னஞ்சல் குழுவுக்காகப் பதிவு செய்த பாடங்கள் இருந்தன. டிஸ்க்கை எப்படிச் சோதிப்பது, எதை முதலில் செய்யக் கூடாது என்று நீ தமிழில் சொல்லிக் கொடுத்த முப்பதுக்கு மேற்பட்ட பாடங்கள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் உனக்கு எழுதிய நன்றிகள் இருந்தன.

நான் ஒரு பாடத்தைப் போட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்கள். உன் அண்ணன் வாசலில் நின்றபடி கேட்டார்.

"இன்னாமா சொல்றா இவ?"

"கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறா அண்ணா. கேட்டவங்க வெவ்வேற ஊர்ல இருக்காங்க."

"அவ பேங்க்குல போன்தானே எடுத்துக்கினு இருந்தா?"

நான் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த நாள், ஏசியை நிறுத்தச் சொன்னது, நானூறு கோப்புகள், எல்லாவற்றையும் சொன்னேன். என் டிக் கதையையும் மறைக்கவில்லை. நீ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அண்ணன் தெருவில் இறங்கிப் போய், எதிர்க்கடைக்காரரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். "வா நைனா, வந்து கேளு. என் தங்கச்சி பேசுறா. கேளு" என்றார். அந்தக் கடைக்காரருக்கு ஒரு வரியும் புரிந்திருக்காது. ஆனாலும் நின்று முழுசாகக் கேட்டார்.

இப்போது நானும் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன். ஒரு தமிழ் ஆசிரியை டிஸ்க்கைச் சரி செய்ய வருகிறாள் என்றால் முதலில் சிரிக்கிறார்கள். போன வாரம் அடையாறில் ஒரு சிறிய பள்ளியில் மாணவர் விவரங்கள் இருந்த கம்ப்யூட்டர் எழும்பவில்லை. போனேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். நகல் எடுத்தேன். அந்த மூக்குக் குரல் கேள்விகளைப் படிக்கும் நேரத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். திரையைப் பார்த்தால் அவசரம் வந்துவிடுகிறது. கேட்டால் வருவதில்லை.

தலைமையாசிரியை பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். "என்ன மேடம், கண்ணாடி கொண்டு வரலையா? எங்க ஆபீஸ்ல யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். எனக்கு இப்படித்தான் வரும்" என்றேன். "இதைச் செய்யறவங்கள்லயே கெட்டிக்காரி ஒருத்திகிட்டயிருந்து வந்தது."

"யாரு அவங்க?"

வருகைப் பதிவேட்டில் கூப்பிடுவதுபோல, இனிஷியலோடு, உன் முழுப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.